ஒண்ணு, ரெண்டு, மூடு

இன்டர்நெட்டில் வீடியோ போடும் பழக்கம் திருத்தணிக்கு வந்த புதிதில், நானும் கிட்டார் பாடம் போட ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருஷம் வாசித்தும் ஊரில் ஒருத்தர்கூட என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டதில்லை. முகம் தெரியாதவர்களாவது கூப்பிடட்டும் என்று ஆசை. ஆனால் கேமராவைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. அதனால் படத்தில் என் கைகள் மட்டும். தாளம் எண்ணுவது அக்கா புருஷன். ஆந்திரப் பக்கம் நகரிக்காரரான பாவா கிட்டாரைத் தொட்டதே இல்லை.

மலைக்குப் போகிற கூட்டம் 'அரோகரா' போட்டதில் நாலு தடவை திரும்ப எடுத்தோம். ஐந்தாவது தடவை பாவா 'ஒண்ணு, ரெண்டு' என்று தமிழில் ஆரம்பித்து, 'மூடு, நாலுகு' என்று தெலுங்கில் முடித்தார். ரெண்டு என்பது ரெண்டு பாஷைக்கும் பொது. வண்டி அங்கேதான் தடம் மாறியது. பொறுமையில்லாமல் அதையே அரக்கோணம் பிரவுசிங் சென்டருக்குப் போய் நெட்டில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பார்த்தவர்கள் 'மூடு' என்றதும் உள்ளங்கையால் கம்பிகளை மூடியிருக்கிறார்கள். மூணாவது எண்ணிக்கையில் சத்தம் சட்டென்று நிற்பது அவ்வளவு எடுப்பாக இருக்கிறதாம். 'எண்ணுகிற மாஸ்டர் பிரமாதம்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். என் விரல்களைப் பற்றி ஒரே ஒருவர் எழுதியிருந்தார், நகம் வெட்டச் சொல்லி.

வயிறு எரிந்தது. யாருக்கும் தெரியாமல் நானும் மூடி வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதில் இன்னும் எரிந்தது.

அடுத்த பாடத்தில் பாவா பொறுப்பாக 'மூணு' என்றார். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"பாவா, மூடுன்னே சொல்லுங்க."

"ஆங், சொல்றேன். நீ மூடிகினு வாசி."