ரப்பர் தக்கையை நான் பிடுங்கிய சனிக்கிழமை

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு ஓனர் மூக்கை உறிஞ்சினார். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் கள்ளுக்கடைகள் திறந்திருந்த வருடங்களில் அவர் இரண்டு கடைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். கடைகளை மூடியதும் கதர்ச் சட்டை தைத்துக்கொண்டு எங்கள் தெரு மதுவிலக்குக் கமிட்டிக்குத் தலைவராகிவிட்டார். கமிட்டியில் அவரைத் தவிர இரண்டு பேர். இருவரும் அவர் கடையில் கள் ஊற்றிக் கொடுத்தவர்கள். இந்த மூவரும்தான் எங்கள் தெருவின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பு.

மாடியிலிருந்து இறங்கியவர் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே நின்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். உள்ளே மேடைமேல் என் மகளின் பாட்டில் இருந்தது.

மகள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஈஸ்ட் செல்லுக்குள், காற்றைக் கொண்டு சர்க்கரையை எரிக்கும் மிகச் சிறிய அடுப்புகள் போல மைட்டோகாண்டிரியா இருக்கின்றன. காற்றே இல்லாமல் ஈஸ்ட்டை வளர்த்தால் அவை என்ன ஆகும் என்பது அவள் கேள்வி. அடியோடு மறைந்துவிடும் என்றார் அவளுடைய கைடு. தான் பார்க்காதது எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பும் மனிதர் அவர். இல்லை, மடிப்பெல்லாம் போய்ச் சுருங்கி, அடையாளம் தெரியாமல் உள்ளேயே கிடக்கும் என்றாள் இவள். வேறொரு கல்லூரியில் இருந்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தால் தெரிந்துவிடும். எட்டு மாதம் காத்திருந்து திங்கட்கிழமை காலைக்கு முறை கிடைத்திருந்தது. இந்த முறை படம் வராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்து ஆய்வகத்தில் வேலைநிறுத்தம். பூட்டுவதற்கு முன் பாட்டிலில் நைட்ரஜனை ஓடவிட்டு, ரப்பர் தக்கையால் இறுக்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தக்கை வழியாக ஒரு குழாய். அதன் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீருக்குள். உள்ளே உண்டாகும் வாயு குமிழாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. போனால் சில மணி நேரத்தில் மைட்டோகாண்டிரியா பழையபடி வளர்ந்துவிடும். பிறகு படத்தில் எது தெரிந்தாலும் அது முன்பே இருந்ததா, காற்றுப் பட்டு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை மாலை செல்களைப் பிரித்து, மேற்கொண்டு மாறாமல் இருக்க ஐஸில் வைக்க வேண்டும். ஊரில் இரண்டு நாளாக மின்வெட்டு, ஐஸ் கம்பெனி மூடிக்கிடந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் இறால் ஏற்ற வரும் லாரியில் ஐஸ் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, உமி போட்ட தகர டின்னோடு மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

"அம்மா, தக்கைய மட்டும் தொடாதே."

பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்தவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஓனர் கமிட்டியோடு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"டீச்சரம்மா, இன்னா இது?"

"ஈஸ்ட். என் பொண்ணோட ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியா! எங்கிட்டயேவா? குமிழி வுட்டுகினு கீது, மேல எண்ண கணக்கா மெதக்குது. போதை ஏற பேட்டரி கட்ட போட்டியா உள்ள?"

"காத்து இல்லாம ஈஸ்ட்டால கொழுப்பு செஞ்சுக்க முடியாது. அதனால நாமளே ஊத்தணும்."

"கேட்டியாடா? கொழுப்பு ஊத்துதாம்." கமிட்டி சிரித்தது. "சாருக்கு அரக்கோணத்துல வேலை. ஆம்பள இல்லாத வூட்ல சாராய ஊறல் போட்டா கேக்கறதுக்கு ஆளு இல்லன்னு பாக்கறியா?"

வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். என்னிடம் படிக்கும் பெண்ணின் தாய் ஒருத்தி எட்டிப் பார்த்து, "டீச்சர் வூட்லயா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லன்னா தொற. மோந்து பாத்துட்டுப் போறோம்" என்றார் ஓனர்.

அவர் பாட்டிலைத் தொடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாயும் இருந்தது. ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. டீச்சர் சாராயம் காய்ச்சவில்லை என்பதை அந்தத் தெரு பார்க்க வேண்டும், அந்த நிமிடமே பார்க்க வேண்டும். தக்கையைத் திருகிப் பிடுங்கினேன். சிறிய சீறல் கேட்டது. இப்போதும் யாராவது சோடா உடைத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பாட்டிலை வாங்கினார். தேர்ந்த வியாபாரியைப் போலக் குலுக்கி முகர்ந்தார். கமிட்டியும் ஆளுக்கு ஒரு தரம் குலுக்கியது. ஓனர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிவிட்டு, நான் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே துப்பினார்.

"த்தூ. ரொட்டிக்கட வாசன. சரக்கு சரியா எறங்கலியே" என்றார். அந்த முகத்தில் இருந்தது ஏமாற்றம். வாசலுக்குப் போய், "டீச்சர் வூடு சுத்தம்!" என்று தெருவுக்குத் தீர்ப்புச் சொன்னார். யாரோ கைகூடத் தட்டினார்கள். அந்தத் தீர்ப்புக்காகத்தான் நான் தக்கையைப் பிடுங்கினேன்.

எல்லாரும் போனபின் தக்கையை மறுபடி அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் குமிழ் வர ஆரம்பித்தது, ஒன்றுமே நடக்காததுபோல. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சொல்லாமல் இருந்துவிடலாம். அவள் படம் எடுப்பாள். படத்தில் ஏதாவது தெரியும். கைடு வாயடைத்துப் போவார். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். இல்லையென்றால் பழியை ஓனர்மேல் போடலாம். போட்டால் தாங்கும் ஆள்தான். கள்ளில் தண்ணீர் ஊற்றி விற்ற அந்த ஆளைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் அந்தக் குமிழ்களின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு மேல் மகள் வந்தாள். இறால் நாற்றம், பாவாடை முட்டி வரை ஈரம், இடுப்பில் டின். "ஐஸ் பாதி கரைஞ்சிருச்சும்மா, சீக்கிரம் ஒரு பாத்திரம் எடு" என்றபடி உள்ளே வந்தாள். டின்னை அவள் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். ஓனர் வந்தது, கூட்டம் சேர்ந்தது, தக்கையைப் பிடுங்கியது நான்தான் என்பது, குலுக்கியது, நக்கியது வரைக்கும்.

"எவ்ளோ நேரம் தொறந்திருந்துது?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டின்னின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

"அந்தாளு தொறந்தான்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். "நான் நம்பியிருப்பேன்."