அருள்தாசின் மகன்

சகாயம்மாளுக்குப் பொறாமை தன் புருஷன் மேல்தான். அவர் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மகன் சத்தியராஜ் வெள்ளானூர்ப் பெண் பூங்காவனத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு 1984இல் வாசலில் வந்து நின்றபோது அவள் கதவைத் திறக்கவில்லை. மாதா கோயிலில் தாலி வாங்காதவள் மருமகள் இல்லை என்று உள்ளிருந்தே சொன்னாள். புருஷன் அருள்தாசும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். ஆனால் ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் அவருடைய சைக்கிள் மகன் குடியிருந்த கரையான்சாவடிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "வெள்ளிக்கிழமையானா வருவீங்களே மாமா" என்று அவருடைய சாவு வீட்டில் பூங்காவனம் அழுதபோதுதான் சகாயம்மாளுக்கு அது தெரிந்தது. அடக்கம் முடிந்ததும் மகன் கல்லறைத் தோட்டத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டான்.

பிறகு அவளுடைய திருமுல்லைவாயில் வீட்டுக்கு அவன் வந்ததில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருவான். அப்பாவிடம். சாயங்காலம் பாதிரியார் கல்லறைகளை மந்திரிக்கும் நேரத்துக்கு அவள் போகும்போது கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தியில் சிலுவை போட்டிருக்கும். மெழுகுவர்த்தி பாதி எரிந்திருக்கும். அவள் கொண்டுபோன பூவை வைக்க இடமிருக்காது.

"உன் புள்ள அவங்கப்பனுக்கு மாளிகையே கட்டிட்டான்டி," என்பாள் பக்கத்து வீட்டு செலின். "நீயும் போய்ப் படுத்துக்கோ. உனக்கும் சுண்ணாம்பு அடிப்பான்."

சகாயம்மாள் அரிசி களையும்போது அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள். நடமாடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. படுத்திருப்பவருக்குச் சாமந்தி.

அந்த வருஷம் திருநாளுக்கு முந்தின நாளே சுண்ணாம்பு வாளியுடன் போனாள்.

"இன்னாம்மா, நீ அடிச்சிகினு கீற? உன் புள்ள நாளிக்கு வரும்ல?" என்றான் குழி வெட்டும் கோவிந்தராஜ்.

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

ஒரு விரல் இடம் விடாமல் அடித்தாள். காய்ந்ததும் பூவால் மூடினாள். அவனுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சத்தியராஜ் சுண்ணாம்பு வாளியும் அடிக்கிற மட்டையுமாக வந்தான். பின்னால் பூக்கூடையுடன் பூங்காவனம். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"யாரு அடிச்சது?"

"உங்கம்மா தான் நைனா. நேத்தே," என்றான் கோவிந்தராஜ்.

அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள். அவன் குனிந்து சிலுவையை முத்தமிட்டான்.

"அவங்களே செய்றாங்கன்னா சரி. இனிமே நமக்கு இங்க வேலையில்ல," என்று மனைவியிடம் சொல்லி வாளியைத் தூக்கினான்.

வருஷத்துக்கு ஒருமுறை அவன் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அதையும் அவளே முடித்துவிட்டாள். எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது.

"டேய், ஒரு தடவதான் அடிச்சேன். இன்னொரு தடவ அடிக்கணும். என்னால குனிய முடியல."

பொய். இரண்டு தடவை அடித்திருந்தாள். கோவிந்தராஜ் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டான்.

பூங்காவனம் உட்கார்ந்து, மாமியார் வைத்த பூக்களை எடுத்து முந்தானையில் போட ஆரம்பித்தாள். தொடாதே என்று சொல்ல சகாயம்மாளுக்கு நாக்கு வரை வந்தது.

சத்தியராஜ் மண்டியிட்டுத் தலைமாட்டிலிருந்து தொடங்கினான். குழந்தைக்குத் தலை துவட்டுவதைப் போல மெதுவாக அடித்தான். அவள் நெருங்கி வந்து நின்றாள்.

"தள்ளி நில்லும்மா. பொடவைல தெறிக்கும்."

அதையும் அவன் சிலுவையைப் பார்த்தபடிதான் சொன்னான். அவள் தள்ளி நிற்கவில்லை.