பிணவறையிலிருந்து எடுத்த பிரிண்டர்

ஐந்து ஆஸ்பத்திரி, ஒரே நிர்வாகம், முன்னூற்றுப் பன்னிரண்டு பிரிண்டர். அத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஆள். நர்சுகள் அவரை டோனரண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகச் சட்டைக் கையில் கறுப்பு டோனர்த் தூளோடு ஐந்து கட்டடங்களையும் சுற்றியே அவருக்குத் தலை நரைத்தது. தாள் சிக்கினால் அண்ணே, அண்ணே என்பார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் நிற்பதே யார் கண்ணிலும் படாது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் மரியாதை வந்தது. வீணாக நிற்கும் பிரிண்டர்களைக் குறைக்கப் பட்டியல் கேட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை தாள் அடிக்கிறது என்று எண்ணினார். பிரதான ஆஸ்பத்திரியின் பிணவறையில் நாலே நாலு.

"இதைத் தூக்கிட்டா, உடலைக் குடுக்கிற சீட்டெல்லாம் டிஸ்சார்ஜ் கவுன்ட்டர்லதானே வந்து விழும்?" என்றார் பிணவறை எழுத்தர் அம்மா.

"நாலு தாளுக்கு ஒரு மிஷினா அக்கா?" என்று சிரித்தார் டோனரண்ணன். அன்றே அதை எடுத்துவிட்டார். தாளை எண்ணத் தெரிந்தவருக்கு, அதற்காகக் காத்திருப்பவர்களை எண்ணத் தோன்றவில்லை. கூட்டத்தில் கைதட்டினார்கள். அதை மகளிடம் மூன்று தடவை சொன்னார், பாவம்.

மூன்றாம் மாதம் அதே ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம். வீட்டுக்குக் கிளம்பும் காலை. பேத்தி அவர் மடியில் தூங்கினாள். டிஸ்சார்ஜ் தாள்களை வாங்கக் கீழே போன மருமகன் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, புள்ள எங்க?"

"இதோ, தூங்குறா. என்ன மாப்ள?"

மருமகன் தாள்களை நீட்டினான். முதல் தாள், பிறந்த குழந்தையின் உடலை ஒப்படைக்கும் சீட்டு. தாயின் பெயர் வேறு. பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைக் கவுன்ட்டரில் அப்படியே அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்.

டோனரண்ணன் அந்தச் சீட்டை உருவி எடுத்தார். இந்தத் தாளுக்கு உரியவன் கீழே காத்திருப்பானே! குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, லிப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி ஓடினார்.

பிணவறை வாசல் பெஞ்சில் ஓர் இளைஞன், மடியில் மடித்த சின்ன வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தான். சீட்டைப் பார்த்ததும் மெதுவாக எழுந்தான்.

"ஒரு மணி நேரமா சீட்டு வரலைங்க. புள்ளைக்கு உயிர் வந்துடுச்சோ, அதான் குடுக்கலையோன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

டோனரண்ணன் சீட்டை அவன் கையில் வைத்தார். "என் தப்பு தம்பி" என்று மட்டும் சொன்னார். என்ன தப்பு என்று அவன் கேட்கவில்லை. சீட்டோடு உள்ளே போனான்.

அன்று மத்தியானமே, யாரையும் கேட்காமல், கிடங்கில் கிடந்த பழைய பிரிண்டரைத் தூக்கி வந்து பிணவறை மேஜையில் வைத்தார். மேலிடம் விளக்கம் கேட்டது. நடந்ததை எழுதிக் கொடுத்தார். இப்போதும் அது நாலு தாள்தான் அடிக்கிறது. தினமும் காலையில் அதில் தாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் மற்ற மாடிகளுக்குப் போகிறார்.