ஒரு வாய் ஒயின்

படத்துக்கு முன்னால் வாழையிலை. அதில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் அடியில் ஒரு வாய் அளவுக்குச் சிவப்பு ஒயின். இறந்தவருக்குப் பிடித்ததைத் திதியன்று படைப்பது எங்கள் வழக்கம். அவருக்கு ஒயின் பிடிக்குமா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் சக்குபள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் சப்ளையராக இருந்தார். நான் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒயின் ஊற்றியவர், தான் ஒரு சொட்டு ருசித்ததில்லை. "செர்ரிப்பழ வாசம், கடைசியில லேசா மெளகுக் காரம்னு சொல்லி ஊத்துவேன் புள்ள. செர்ரிய நான் கேக்கு மேலதான் பாத்திருக்கேன்" என்று சிரிப்பார்.

தொண்டையில் புற்றுக்கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் கரண்ட் வைத்த பிறகு வேலையை விட்டார். ஒருநாள் சாயங்காலம், கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த சிவப்பு ஒயினோடு வந்தார். "இத்தன வருசம் ஊத்தியாச்சு. ஒருதரமாவது ருசி பாத்திரணும்" என்றார். தக்கை எடுக்கிற திருகாணியையும் ரிசார்ட்டில் இரவல் வாங்கி வந்திருந்தார். பார்த்தால் பாட்டிலுக்குத் தக்கையே இல்லை, தண்ணீர் பாட்டில்போலத் திருகுமூடி. முகம் ஒரு நொடி வாடியது. பிறகு துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மூடியைத் துண்டால் பொத்தித் திறந்தார். டம்ளரில் ஒரு வாய் மட்டும் ஊற்றி, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"இம்புட்டுத்தானா? கோயில் தீர்த்தம் கணக்கா இருக்கு."

"ருசி பாருங்க மேடம். நல்லாருக்குன்னு நீங்க சொன்னாத்தான் மீதிய ஊத்தணும். அதான் முறை."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டு, என் பதிலுக்காக அதுவரை யாரும் நின்றதில்லை. குடித்தேன். பச்சை நெல்லிக்காயைக் கடித்ததுபோல நாக்கு சுருங்கியது. "நல்லாருக்கு" என்றேன். குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

அவருக்கு நான் ஊற்றினேன், அதேபோல ஒரு வாய். கண்ணை மூடி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். தொண்டை எரிந்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல விழுங்கினார்.

"எப்படியிருக்கு?"

"செர்ரிப்பழ வாசம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கடைசியில லேசா மெளகுக் காரம்."

அன்று மத்தியானம் நான் உப்புப் போட மறந்த குழம்பை அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்ட் வைத்ததில் நாக்கு செத்துப் போயிருந்தது. அதை என்னிடம் மறைத்து வைத்திருந்தார்.

"ஊத்தவா?" என்றேன்.

"அப்பறம் பாப்போம் புள்ள."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

இன்று அதே மலிவு பாட்டிலைத்தான் மகள் வாங்கி வந்தாள். ஒரு வாய் ஊற்றிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நிற்கிறேன்.

"ஏம்மா இம்புட்டுக் கஞ்சத்தனம்? அப்பாவுக்கு நெறைய ஊத்து."

"இருடி" என்கிறேன். "அவுக இன்னும் ஒண்ணும் சொல்லலையே."