கேபிள்காரர் வீட்டில் ஃபைபர்

அந்தத் தெருக்காரர்களுக்கு அவர் கேபிள்காரர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் இழுத்த கருப்பு ஒயர்தான் வீட்டுக்கு வீடு படம் காட்டியது. மழை வந்தால் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடையும். யார் கேட்டாலும், "ஈரம் காஞ்சா சரியாயிடும்" என்பார்.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. மிஷினை மிதித்துக்கொண்டே சீரியல் பார்ப்பாள். முக்கியமான கட்டத்தில் மூன்றாவது முறையாகப் படம் உடைந்தபோது, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபைபர் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டாள்.

மதியம் சாப்பிட வந்தவர், தன் வீட்டுச் சுவரில் வேறொருவனின் ஏணி சாய்ந்திருப்பதைப் பார்த்தார். மேலே நின்றவன் பழைய ஒயரைப் பிடுங்கிக்கொண்டே கேட்டான்.

"வீட்டுக்காரரா சார்? இதை யார் போட்டது? எங்க பாத்தாலும் ஒட்டுப் போட்டிருக்கு."

"யாரோ" என்றார் கேபிள்காரர்.

உள்ளே போய்ப் பார்த்தால் வரிசையாகப் பெட்டிகள். ஏணியிலிருந்து இறங்கி உள்ளே வந்தவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது எதுக்கு?"

"கண்ணாடி இழைல வர்ற ஒளியை சிக்னலா மாத்துறதுக்கு."

"பக்கத்துல?"

"ரவுட்டர். வைஃபைக்கு."

"அப்போ டிவிக்கு?"

"அதுக்குத் தனி பாக்ஸ். இன்னொரு டிவி இருந்தா இன்னொரு பாக்ஸ்."

"கேபிளுக்கு ஒரே பெட்டி போதுமே" என்று மனைவியைப் பார்த்தார். தேர்தலில் ஜெயித்த முகம். "கரண்ட் போனா?"

"எல்லாமே அணைஞ்சிடும். யூபிஎஸ் வெச்சுக்கங்க. அதுக்கும் ஒரு பிளக் வேணும்."

"கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன். கரண்ட் போனா டிவியும்தானே போகும்?" என்றாள் மனைவி. "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். பிளக்குகளையும் அவரே செருகினார். வந்தவன் தன் நம்பரைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டிவியில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பவுடர் திட்டு திட்டாக இருப்பதுவரை தெரிந்தது. கேபிள்காரர் தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெருக்கோடி வீட்டு டீச்சர்.

"அண்ணே, படம் வரல."

"மழைம்மா. எல்லா வீட்லயும் அப்படித்தான். எங்க வீட்லயும்தான்."



"உங்க வீட்ல மாமியார் நல்லா கத்துறாளே."

அவர் ரிமோட்டைத் தேடினார். அது மனைவி மடியில், வெட்டிய துணிக்கு அடியில் கிடந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கோவம் இல்லண்ணே. மத்தியானம் உங்க வீட்ல ஏணி போட்டவரு நம்பரை மட்டும் குடுங்க" என்றார் டீச்சர்.

கேபிள்காரர் சொன்னார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றதால் இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.