ஆரஞ்சுக் கோட்டில் இல்லாதவன்

ஹிபாக்கின் மகனைப் பற்றிப் பேசும்போது யாராவது வாய் தவறி "இருந்தான்" என்று சொல்லிவிட்டால் போச்சு. அன்றோடு அவள் வீட்டு வாசல் அவர்களுக்கு மூடிக்கொள்ளும். குலேத் இருக்கிறான். குலேத்துக்குச் சோற்றோடு வாழைப்பழம் பிடிக்கும். பிடித்தது என்று சொல்லக் கூடாது, பிடிக்கும். ஆஸ்லோவில் தோயன் பக்கம் குடியிருக்கிற சோமாலிய வீடுகள் அத்தனைக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் அவள் தலை தெரிந்ததுமே பெண்கள் பேச்சைச் சரிபண்ணிக்கொள்வார்கள். பாதிப் பேர் இரக்கத்தில் செய்தார்கள், மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்து செய்தார்கள்.

பகலெல்லாம் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யார் யாரோ பெற்ற கிழவர்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு வீடு திரும்பும்போது நவம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மாடிப்படியில் ஈரக் கால்தடங்கள் இருக்கும். பனி கரைந்து சொதசொதவென்று கிடக்கிற ஊரில் யார் கால்தான் ஈரமில்லை? ஆனால் ஹிபாக் நின்று பார்ப்பாள். அந்தத் தடம் எந்த வாசலில் போய் முடிகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே ஏறுவாள். பெரும்பாலும் கீழ்மாடியிலேயே நின்றுவிடும். ஒரு நாள் அவள் வாசல்வரைக்கும் வந்திருந்தது. அவசரமாகக் கதவைத் தள்ளினால் உள்ளே மகள் தீகா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயா?" என்றாள் ஹிபாக்.

பெற்ற தாய் கேட்கிற கேள்வியா அது? தீகா அதை மறக்கவே இல்லை. யாராக இருந்தாலும் மறக்க மாட்டார்கள்.

இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு பையனையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு நடுவில் ஒரு முற்றம். முற்றத்தின் ஒரு பக்கம் சொந்த வீடுகள், அதில் நார்வேக்காரர்கள். மறுபக்கம் நகராட்சி வாடகை வீடுகள், அதில் சோமாலியர்களான நாங்கள். நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு மணல்தொட்டி. எதிர்ப்பக்கத்துத் துரிட்டின் மகன் எய்ரிக்கும் குலேத்தும் அந்த மணலில்தான் தவழ்ந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே பந்து, ஒரே குறும்பு. பதினாறு வயதில் சைக்கிள் நிறுத்துகிற நிலவறையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சா புகைத்தார்கள். ஒன்றாகவே போலீசில் மாட்டினார்கள். பெற்றோர் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது.

துரிட் அந்தக் கடிதத்தைக் காந்தத்தால் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாள். மகனை நாலு கத்து கத்தினாள். சொன்ன தேதியில் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு. ஹிபாக்கோ அதை மடித்து மெத்தைக்கடியில் ஒளித்து வைத்தாள். பிள்ளையைச் சர்க்கார் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் தேநீர்க் கூட்டங்களில் பேசாத நாளில்லை. நேரில் கண்டவர் யாருமில்லை. அடுத்தவன் நாட்டில் வந்து உட்கார்ந்திருப்பவன் கண்ணால் கண்டபிறகா பயப்படுவான்? புருஷன் வேறு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் போய்விட்டான். யோசனை கேட்க அவளுக்குச் சொந்த ஊரான ஹர்கேய்சாவில் இருக்கிற அக்கா ஷுக்ரியை விட்டால் ஆளில்லை.

"இங்க அனுப்பி வைடி. ஆறே மாசம். மனுஷனாக்கித் திருப்பித் தரேன்" என்றாள் ஷுக்ரி போனில்.

"வரமாட்டேம்பான் அக்கா."

"அவன்கிட்ட அனுமதி கேட்டுக்கிட்டா கூட்டிட்டு வருவே? லீவுக்குப் போறோம்னு சொல்லு. உலகத்துல எல்லாத் தாயும் அதைத்தானே சொல்றா."

உலகத்துத் தாய்மார் சொன்னார்களோ இல்லையோ, எங்கள் தாய்மார் சொன்னார்கள். இங்கே கெட்டுப்போகிற பிள்ளையை ஊர்ப் பழக்கத்துக்குத் திருப்புவதாம். லீவு என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போவார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட் தாயின் கைப்பைக்குள் போய்விடும். ஒரு விடியற்காலையில் தாய் மட்டும் விமானம் ஏறிவிடுவாள். திருந்தி வந்த பிள்ளைகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் துரிட் படியேறி வந்தாள். "ஹிபாக், எங்க மலைவீட்டுக்கு ரெண்டு பயல்களையும் கூட்டிட்டுப் போறேன். என் அப்பா இருக்காரு. நாள் முழுக்க விறகு வெட்ட விட்டுருவாரு, ராத்திரி பொத்துனு விழுந்து தூங்குவானுங்க" என்றாள்.

ஹிபாக் பன்றி இறைச்சியை நினைத்தாள். பீரை நினைத்தாள். "வேணாம் துரிட். நாங்க லீவுக்கு ஊருக்குப் போறோம்" என்றாள்.

எய்ரிக் அந்தக் கோடையில் விறகு வெட்டினான். குலேத் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, தன்னை ஏமாற்றிவிட்டுப் போன தாயை நினைத்துக்கொண்டிருந்தான். மறு வருஷம் ஒரு நாள் அங்கிருந்து ஓடி எல்லை தாண்டி அடிஸ் அபாபா போய்ச் சேர்ந்து போன் பண்ணினான்.

"அம்மா, இங்க நம்ம நார்வே தூதரகத்துல கேட்டேன். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையாம். வீட்டுல சம்மதம் சொன்னாத்தான் புது பாஸ்போர்ட்டாம். சரின்னு மட்டும் சொல்லும்மா."

"பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிப் போ. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அம்மா, இனிமே அதைத் தொடவே மாட்டேன். சத்தியமா."

இளகினால் பிள்ளை கெட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் போனை வைத்துவிட்டாள். அடடா, அந்த நேரத்தில் யாராவது அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா!

அதற்கப்புறம் அவன் பேசியது லிபியாக் கடற்கரையிலிருந்து. பின்னால் காற்று இரைந்தது. கோபமெல்லாம் தீர்ந்து போயிருந்தது, சிரித்தான். "பாத்தியாம்மா, நான் பொறந்த ஊருக்கே அகதியா வர்றேன்." படகு கிளம்பியது மட்டும் உறுதி. எந்தக் கரைக்கும் அது போய்ச் சேரவில்லை. உடல் இல்லாமலே இறுதித் தொழுகை நடத்திவிடலாம் என்று பள்ளிவாசலிலிருந்து வந்து சொன்னவர்களை ஹிபாக் வாசற்படியிலேயே நிற்கவைத்துத் திட்டி அனுப்பினாள்.

பத்து வருஷம் ஓடிவிட்டது. எய்ரிக் இன்று எலக்ட்ரீசியன், தாடிக்காரன், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். ஞாயிற்றுக்கிழமை தாயைப் பார்க்க வருவான். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் முற்றத்தைக் கடக்கும்போது ஹிபாக் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவனுக்கு இரண்டடி பின்னால் குலேத் வருவான். இன்னும் பதினாறு வயசு. சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், தலையிலிருந்து தண்ணீர் சொட்டும். எய்ரிக் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவான். இவனுக்குக் கதவு திறக்காது. நின்று அண்ணாந்து இவள் ஜன்னலைப் பார்ப்பான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தீகாவுக்கு மட்டும் தெரியும், தாய் திரையை இறுகப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள்.

தீகாவுக்கு இப்போது பத்தொன்பது. வடக்கே துரோம்சோவில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, ஜனவரியில் சேர வேண்டும். படிப்பில் சூட்டிகையான பெண். சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போகிற ரகமில்லை, தாய் சரி என்று சொல்ல வேண்டும் அவளுக்கு. ஹிபாக்கோ மாட்டேன் என்பதில் உடும்புப்பிடியாக இருந்தாள்.

"இங்க ஆஸ்லோவுல காலேஜே இல்லையா?"

"இங்க கெடைக்கலைம்மா. அங்கதான் கெடைச்சிருக்கு. மூணே வருஷம்."

"நீ அங்க போயிட்டா, நான் வேலைக்குப் போன நேரத்துல அண்ணன் வந்தா? கதவைத் திறக்க ஆள் வேணாமா?"

தீகா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணன் வரமாட்டான். கடல்ல போயிட்டான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். செத்தவனுக்குக் கதவு திறக்க நான் எத்தனை வருஷம்மா உக்காந்திருக்கிறது?"

ஹிபாக் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அப்போதுதான் வட்டாரக் கூடத்தில் கூட்டம் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், இந்த மண்ணிலேயே பரம்பரையாக இருக்கிறவர்களின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஆராய்ந்தார்களாம், அதைச் சொல்லப் போகிறார்களாம். எங்களைப் பற்றி எந்தக் கூட்டம் போட்டாலும் முதலில் எங்கள் சம்பூசாதான் வேண்டும் இவர்களுக்கு. ஹிபாக்கிடம் இரண்டு தட்டு நிறையக் கேட்டார்கள். பேசாத தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாவைத் தேய்த்து, கறி வைத்து மடித்துப் பொரித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேச வந்தவள் சில்யே என்று ஒரு சின்ன வயசு ஆராய்ச்சிக்காரி, நல்ல பெண். இந்த வட்டாரத்தில் ஒரே வருஷத்தில் பதினாறு வயதானவர்களை எடுத்துக்கொண்டு, பத்து வருஷம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்திருந்தாள். யார் பள்ளியை முடித்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது, யார் சிறைக்குப் போனார்கள், யார் செத்துப்போனார்கள், எல்லாம் சுவரில் கோடுகளாக விழுந்தன. எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று சொன்னபோது, சம்பூசாத் தட்டோடு சுவரோரமாக நின்றிருந்த ஹிபாக் நிமிர்ந்து பார்த்தாள், அது குலேத்தின் வருஷம்.

முன்வரிசையில் எங்கள் கிழவிகள் அடித்த கூத்துக்குக் குறைச்சலில்லை.

"மேல ஏறுதே நீலக் கோடு, அது யாரு?"

"அவங்க."

"கீழ கெடக்கற ஆரஞ்சு?"

"வேற யாரு, நாமதான்."

"அதான பாத்தேன். நம்ம கோட்டுக்கும் முழங்கால் வலி போல, ஏறவே மாட்டேங்குது."

கூடமே சிரித்தது, சில்யேவும் சிரித்துவிட்டாள். ஆரஞ்சிலும் பெண்களின் கோடு ஏறுகிறது என்று அவள் காட்டியபோது எல்லோரும் திரும்பி, சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பைகளோடு நின்ற தீகாவைப் பார்த்தார்கள். ஹிபாக் பார்க்கவில்லை. அவள் கண் சுவரிலேயே இருந்தது. கேள்வி உண்டா என்று கேட்டதும் தட்டை மேசையில் வைத்தாள். முன்னால் துரிட் உட்கார்ந்திருந்தாள், அவளைக் காட்டினாள்.

"இவங்க பையன் எய்ரிக். அந்த வருஷத்துப் பையன்தான். அந்த நீலத்துல இருக்கானா?"

"பேர் எதுவும் எனக்குத் தெரியாது" என்றாள் சில்யே. "ஆனா இங்கயே இருந்திருந்தா, இருப்பாரு."

"என் பையனும் அதே வருஷம். குலேத்துன்னு பேரு. ஆரஞ்சுல இருக்கானா?"

சில்யே அவள் பக்கம் திரும்பினாள்.

"இங்கதான் இருக்காரா?"

"இல்ல. ஊருக்குப் போனான்."

சில்யே தயங்கினாள். "அப்படின்னா இருக்க மாட்டாரு. வெளிநாட்டுக்குக் குடி போனவங்களைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டோம். அங்க அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாதில்லையா?"

பாவம், அவள் மேல் என்ன தப்பு? ஆனால் ஹிபாக்குக்குத் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. மகனைச் சாகவிடாமல் வைத்திருக்கிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வைத்திருந்தது எங்கே? வேலையில்லாதவனுக்கு அந்தச் சுவரில் இடம் இருந்தது. சிறைக்குப் போனவனுக்கு இருந்தது. செத்தவனுக்குக்கூட இருந்தது. தாய் விடாமல் பிடித்துவைத்திருந்த ஒருத்தனுக்குத்தான் எந்தக் கோட்டிலும் ஒரு புள்ளி இல்லை. ஒரே மணலில் தவழ்ந்தவர்களில் ஒருத்தன் அங்கே மேலே இருக்கிறான், இவன் பிறந்ததாகவே தெரியவில்லை.

"குடி போகல" என்றாள் ஹிபாக். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "லீவுன்னு பொய் சொல்லி நான்தான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். திரும்பி வரேன்னு கெஞ்சினான். ஒரு சரி சொல்லியிருந்தாப் போதும், நான் சொல்லல. படகுல ஏறினான். செத்துட்டான். என் புள்ள செத்துட்டான். அவனையும் அதுல சேத்துக்கோம்மா. உங்க கோடு இன்னும் கீழ போனாலும் போகட்டும், அவன் இந்த ஊர்ப் புள்ள."

துரிட் எழுந்து இரண்டடி வந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள். சமையலறைப் பக்கம் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது.

ஹிபாக் உள்ளே ஓடினாள். தேநீர்க் கோப்பைகள் உடைந்து கிடக்க, அதன் நடுவில் தீகா தரையில் உட்கார்ந்திருந்தாள். தாய்க்குப் புத்தி வர வேண்டும் என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவள் அவள். அண்ணன் செத்துவிட்டான் என்று அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள். இப்போது குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

"நீ ஏம்மா சொன்ன? நான் சொல்லலாம். நீ சொல்லலாமா?"

"தீகா..."

"நான் செத்துட்டான்னு சொல்றப்பல்லாம் நீ இல்லம்பே. நீ இல்லைன்னு சொல்லுவேங்கிற தைரியத்துலதாம்மா நான் சொன்னேன். இப்ப நீயே சொல்லிட்டியே. இனிமே அவனுக்கு யாரு இருக்கா?"

ஹிபாக் உடைந்த கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகனுக்கு அழுது முடிக்க அவளுக்கு இன்னும் ஆயுள் முழுக்க இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு மகளின் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்தத் தலை இத்தனை பெரிதாக வளர்ந்துவிட்டதை அன்றுதான் பார்த்தாள்.

"அழுடி. நல்லா அழு" என்றாள். "அழுதுட்டு எந்திரிச்சுப் போ. ஜனவரியில போ. போயிட்டு, வாரா வாரம் எனக்குப் போன் பண்ணு. உன் போனை எப்பவும் நான் பாதியில வைக்க மாட்டேன்."