ராயப்பன் தட்டாத இடம்

டாஷ்போர்டில் ஆரம்பித்து, ஸ்டீயரிங்குக்கு வந்து, கதவுக்குப் போய், மறுபடி டாஷ்போர்டுக்கு. சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் ராயப்பனின் பத்து விரல்களும் லோரிக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் செம்பனைக் குலைகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாத கார்க்காரர் ஹாரனை அழுத்துவார். "அந்த ஆளு தாளத்துல சேரலலா," என்று சொல்லிக்கொண்டே ராயப்பன் கியரைப் போடுவார்.

லாபு வட்டாரத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப்போவது அவர் தொழில். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. கால் ஆடினால் கை நிற்கும், கை நின்றால் தாடை ஆடும், மூன்றும் ஒரே சமயத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. வீட்டில் மனைவி கிளாரிஸ் அவருக்குக் கோப்பியைப் பிளாஸ்டிக் குவளையில்தான் கொடுக்கிறார். எவர்சில்வர் சாமான்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கரண்டி கேட்டால், எதற்கு என்று விசாரணை நடக்கும். தேவாலயத்தில் அவருக்கு எப்போதும் முதல் வரிசைதான். பக்தி என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் தட்டுவதற்கு எதிரே வேறு பெஞ்சு கிடையாது என்பது பழையவர்களுக்குத் தெரியும்.

'இடிமேகம்' ராக் குழுவின் டிரம்மர் என்று சொன்னால் சிரம்பானிலிருந்து லிங்கி வரை நடுத்தர வயதுக்காரர்கள் இன்றும் எழுந்து கைகொடுப்பார்கள். அவர் தனியாக வாசிக்கும் சோலோ அவ்வளவு பிரபலம். அது முடிகிற இடத்தில் ஓர் உருட்டு வரும்: தடதட, தடதட, தர்ர்ர்ர், டும், டும். கல்யாண விருந்து, கோயில் திருவிழா, சங்கத்து ஆண்டுவிழா எதிலும் அந்த இரண்டு 'டும்' விழாமல் நாற்காலிகளை அடுக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் 'நாலாம் டிவிஷன்' என்ற புதுக் குழு சேர்த்துக்கொண்டது. லாபுவின் இடிமேகத்திலிருந்து ராயப்பன், லிங்கியின் 'கருங்கல்' குழுவிலிருந்து கித்தார் சுகுமாறன், லோபாக்கின் 'ரெட் சிக்னல்' குழுவிலிருந்து பாடகி ஷாமினி. தோட்டத்தை மூன்று டிவிஷனாகத்தானே பிரித்திருக்கிறார்கள் என்று கேட்டால், அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். மூன்று குழுக்களின் புகழையும் கூட்டினால் மூன்று மடங்கு புகழ் கிடைக்கும் என்பது திட்டம். இதுவரை கிடைத்திருப்பது மூன்று மடங்கு தாமதம்.

வாசிக்கப்போவது ராக் இல்லை, நியூ வேவ் என்று ஷாமினி முதல் நாளே அறிவித்துவிட்டார். ராக்கிலிருந்து வியர்வையையும் கூந்தலையும் கழித்துவிட்டு, கீபோர்டையும் ஒல்லி டையையும் கூட்டினால் வருவது அது. முடியை ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளும்படி சுகுமாறனிடம் சொன்னார்கள். காலம் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டிருந்ததால் அந்தச் செலவு மிச்சம்.

ராயப்பனின் இழப்பு பெரியது. பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட டிரம் செட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு டிரம்மை வைத்து, நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னார்கள். மற்றதையெல்லாம் ஷாமினியின் கீபோர்டு பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன டிரம் மெஷின் பார்த்துக்கொள்ளும். அதற்கு அவர் வைத்த பெயர் மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் பெயர். "பழைய மண்டோராச்சும் வெத்தல போட செத்த நிப்பாரு. இவரு நிக்கவே மாட்டேங்கிறாருலா."

ஆனால் ஒரு பாட்டில் மண்டோரும் நிற்கிறார். பாதிப் பாட்டில் எல்லாமே சட்டென்று அடங்கி, எட்டுத் தட்டு நேரம் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு மறுபடி எல்லாம் கிளம்ப வேண்டும். ஷாமினிக்குப் பாட்டின் உயிரே அந்த இடம்தான். ஒத்திகைக்கு ஒத்திகை ராயப்பன் அந்த உயிரை எடுத்தார். எட்டுத் தட்டு காலியாகக் கிடக்கும், கை கேட்காது, தடதட என்று உருட்டு உள்ளே இறங்கிவிடும்.

"அண்ணே, அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல," என்றார் ஷாமினி.

"அதான் தங்கச்சி கஷ்டமா இருக்கு. காலி வீடு மாதிரி கெடக்கு. யாராச்சும் குடியிருக்க வேணாமா?"

"வரப்போற லாபு ஷோவுலயும் குடியேறுனீங்கன்னா, அதுக்கப்புறம் மண்டோரு மட்டும்தான் என்கூட வருவாரு."

ஷாமினி சொன்னால் செய்பவர். இடிமேகத்துக்கே திரும்பிவிடலாமே என்று சுகுமாறன் தனியாகக் கேட்டபோது, ராயப்பன் வெகுநேரம் மேசையைத் தட்டினார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஒரு கல்யாண விருந்தில் கிளாரிஸ்தான் அதைக் கண்டுபிடித்தாராம். சோலோ ஆரம்பித்ததும் ஜனங்கள் எழுகிறார்கள். ராயப்பன் முடிக்க நேரமாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் சாப்பாட்டு வரிசைக்குப் போய்த் தட்டை நிரப்பிக்கொண்டு, கடைசி 'டும்'முக்குக் கைதட்டத் திரும்பி வந்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு சோலோவிலும் ராயப்பன் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். காலி நாற்காலிகள்.

"இத்தன வருஷமா நான் சோத்து மணி அடிச்சிருக்கேன்லா. ஒரே ஒரு பாட்டு. ஆரம்பத்துலேருந்து முடியிற வரைக்கும் ஜனம் உக்காந்து கேக்கணும். அது போதும்."

கைக்கு வழி சொன்னவரும் கிளாரிஸ்தான். அந்த இடம் வந்ததும் குச்சிகள் இரண்டையும் கக்கத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு அழுத்திக்கொள்ள வேண்டும். கையை எடுத்தால் குச்சி கீழே விழும், விழுந்தால் மானம் போகும். இரண்டு வாரம் வீட்டு ஹாலில் பயிற்சி நடந்தது. பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், காய்ச்சல் கண்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

லாபு தோட்டத்து மண்டபத்தில், பள்ளி முன்னாள் மாணவர்களின் விருந்து. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. சுவரோரம் மூடிய பாத்திரங்களில் பிரியாணியும் கோழிப் பிரட்டலும் காத்திருந்தன. ஒல்லி டையோடு ராயப்பன் நின்றதைப் பார்த்ததும் பின்வரிசையில் யாரோ, "ராயப்பண்ணே, இன்சூரன்ஸ் விக்க வந்தீங்களா?" என்று கேட்டார். சோலோ எப்போது என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பேர் பாத்திரங்களின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டு வந்தது. ராயப்பன் சொன்ன இடத்தில் சொன்னபடி ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டு போனார். நெற்றி வியர்த்தது. சட்டென்று எல்லாம் அடங்கியது. மண்டோர் நின்றார். குச்சிகள் இரண்டும் கக்கத்துக்குள் போயின.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இடிமேகத்தின் டிரம்மர் கக்கத்தை இறுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எல்லா முகத்திலும் எழுதியிருந்தது.

முதல் தட்டு முன்வரிசையிலிருந்து வந்தது, கிளாரிஸின் நாற்காலிக் கையிலிருந்து. தடதட. எவர்சில்வரைப் பூட்டி வைத்த அதே விரல்கள். அடுத்த தடதட பக்கத்து நாற்காலிகளுக்குப் பரவியது. 'தர்ர்ர்ர்' வந்தபோது மண்டபம் முழுக்கப் பிளாஸ்டிக் அதிர்ந்தது. பாத்திரங்களின் பக்கம் திரும்பியிருந்த இரண்டு பேரும் நாற்காலியை மேடைக்குத் திருப்பித் தட்டினார்கள். டும். டும்.

ஷாமினி கண்ணில் தீயோடு பின்னால் திரும்பினார்.

ராயப்பன் கக்கத்துக் குச்சிகள் நழுவாமல், முழங்கையை விலாவோடு ஒட்டியபடியே, காலியான இரண்டு உள்ளங்கைகளையும் அவருக்கு விரித்துக் காட்டினார்.